விபத்து நஷ்டஈடும் வியாபாரியின் கணக்கும்



காலை ஆறு மணிக்குத் திறக்கும் மளிகைக் கடை எட்டு மணியாகியும் திறக்காவிட்டால் தெருவே கேட்கும், "அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?" என்று. நாம் அறிந்த ஒரு சிறிய கடை அப்படி ஒருநாள் திறக்கவில்லை. முந்தின நாள் இரவு கோவில்பட்டியில் கொள்முதலை முடித்துவிட்டு, எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் ஒரு சீனி மூடை, பின்னால் இரண்டு எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு தம் ஊருக்குத் திரும்பியவர் அவர். நாற்கரச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது மதுரைப் பக்கமிருந்து வந்த கார் மோதிவிட்டது. வயது நாற்பது ஆகவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வக்கீலிடம் போனார்கள். வக்கீல் முதலில் கேட்ட கேள்வி: "மாத வருமானத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?"

அந்த அம்மா இரண்டு நோட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பாக்கி நோட்டு. ஊரில் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று பைசா சுத்தமாக எழுதியிருந்தது. மற்றொன்றில் மொத்தக் கடைகளின் சிட்டைகளை ஒட்டி வைத்திருந்தார். இவர் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு அது. ஊரார் கணக்கும் இருந்தது, மொத்த வியாபாரியின் கணக்கும் இருந்தது. அவர் சம்பாதித்தது எவ்வளவு என்ற கணக்கு மட்டும் எதிலும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று விட்டுவிட முடியவில்லை. நம் கரிசல் வட்டாரத்தில் எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை என்று எந்தப் பக்கம் போனாலும் பத்துக் கடையில் எத்தனை கடைக்காரரிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்? அதைப் பற்றித்தான் இங்கே மனம்விட்டுப் பேச விரும்புகிறோம். நஷ்டஈடு என்பது கோர்ட்டில் தொடங்கும் விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், விபத்துக்குப் பல வருஷம் முன்பே அது தொடங்கிவிடுகிறது என்பது நம் கருத்து.

சட்டம் தரும் வழி

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அந்த வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, வண்டிக்காரர் தரவேண்டிய நஷ்டஈட்டை அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி தரவேண்டும். இதைக் கேட்டு வாங்க இரண்டு வழி உண்டு.

யார் பேரில் தப்பு என்று நிரூபிக்காமலே வாங்குவது ஒரு வழி. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 164-ஆம் பிரிவின்படி இறப்புக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். அதோடு விவகாரம் முடிந்துவிடும். மற்றொரு வழி 166-ஆம் பிரிவு. எதிர் வண்டியின் கவனக்குறைவை நிரூபித்து, இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் இவற்றைக் கொண்டு முழு நஷ்டத்தையும் கேட்பது. இதற்கு மேல்வரம்பு இல்லை. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதையும் கேட்க முடியாது. ஆகவே அவசரப்பட்டு முதல் வழியில் கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மோதிய வண்டி நிற்காமல் போய், எந்த வண்டி என்றே தெரியாவிட்டாலும் கையை விரிக்க வேண்டியதில்லை. 2022-ல் வந்த திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். இதற்கு மனுவை வருவாய்த்துறை விசாரிக்கும். உத்தரவு போடுபவர் மாவட்ட ஆட்சியர்.

வழக்கை எங்கே போடுவது என்ற மயக்கமும் பலருக்கு இருக்கிறது. விபத்து உளுந்தூர்பேட்டையில் நடந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே மனுப் போடலாம். நம்மவர்களுக்குக் கோவில்பட்டி சார்பு நீதிமன்றத்தில் இயங்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே போதும். மேல்முறையீடு என்றால் மதுரையில் 2004 முதல் இயங்கும் உயர்நீதிமன்றக் கிளை.

நாலு வரிக் கணக்கு

கோர்ட் எப்படித் தொகையை நிர்ணயிக்கிறது என்பது பலருக்கும் மாயமாகத் தெரிகிறது. அதில் மாயம் ஒன்றும் இல்லை. நாம் தினமும் போடும் கணக்கைவிட எளிது. 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த பிரணய் சேத்தி வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதற்கு நாலு வரியில் வாய்ப்பாடு கொடுத்துவிட்டது.

முதல் வரி, ஆண்டு வருமானம். இரண்டாவது, எதிர்கால வளர்ச்சிக்காக அதோடு கூட்டுவது. சொந்தத் தொழில் செய்பவருக்கு நாற்பது வயதுக்குள் என்றால் 40 சதவீதம், நாற்பது முதல் ஐம்பது வரை 25, ஐம்பது முதல் அறுபது வரை 10 சதவீதம். மூன்றாவது, இறந்தவரின் சொந்தச் செலவுக்காகக் கழிப்பது. நம்பியிருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நாலு முதல் ஆறு பேர் என்றால் நாலில் ஒரு பங்கு. நாலாவது, வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண். 26 முதல் 30 வயதுக்கு 17, 36 முதல் 40-க்கு 15, 46 முதல் 50-க்கு 13, 56 முதல் 60-க்கு 9 என்று அது இறங்கிக்கொண்டே வரும்.

இப்போது 38 வயதுக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை நம்பி நாலு பேர். உண்மையில் மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கிறார். அதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறார்.

ஆண்டு வருமானம் 3,00,000
40 சதவீதம் கூட்டினால் 4,20,000
நாலில் ஒரு பங்கு கழித்தால் 3,15,000
15-ஆல் பெருக்கினால் 47,25,000 ரூபாய்

அதே மனிதர், அதே கடை. ஆனால் கையில் ஒரு தாளும் இல்லை. கோர்ட் தன் உத்தேசத்தில் மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறது என்போம்.

ஆண்டு வருமானம் 1,20,000
40 சதவீதம் கூட்டினால் 1,68,000
நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,26,000
15-ஆல் பெருக்கினால் 18,90,000 ரூபாய்

வித்தியாசம் 28,35,000 ரூபாய். ஒரு கிலோவில் பத்துக் கிராம் குறைந்தால் தராசை மாற்றுகிற நாம், இந்த வித்தியாசத்தை இத்தனை காலமும் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, மனைவி மக்களின் துணை இழப்பு என்று தனித்தனியாகக் கிடைப்பவை எல்லாம் வருமானத்தைச் சார்ந்தவை அல்ல. அவை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஏழையையும் வசதியுள்ளவரையும் பிரிப்பது முதல் வரி ஒன்றே.

காய்கறி வியாபாரி வழக்கு

ஆதாரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உச்சநீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்லலாம். கர்நாடகத்தில் 2008-ல் விபத்தில் காலை இழந்த ஓர் இளம் காய்கறி வியாபாரி, தமக்கு மாதம் 10,000 ரூபாய் வருமானம் என்றார். காகிதம் கிடையாது. கீழே மாதம் 3,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்கள். 2014-ல் உச்சநீதிமன்றம், ஒரு காய்கறி வியாபாரியிடம் போய் வருமானச் சான்று கேட்பது சரியல்ல, விலைவாசியைப் பார்த்தால் 6,500 ரூபாய் சம்பாதிக்கக் கூடியவர்தான் என்று சொல்லித் தொகையை உயர்த்தியது. நடமாடிப் பிழைக்கும் தொழில் என்பதால், அவருடைய உழைப்புத் திறனில் 85 சதவீதம் போய்விட்டது என்றும் ஏற்றது.

இந்தத் தீர்ப்பு நம்போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இதிலுள்ள மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆறு வருஷம் அலைந்து, டெல்லி வரை போன பிறகும், அவர் சொன்ன பத்தாயிரம் கிடைக்கவில்லை. கோர்ட்டின் கருணைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டி வாங்கித் தருவது காகிதம்தான்.

காகிதம் இருந்தால் கோர்ட் எப்படிப் பார்க்கிறது? தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019-ல் உச்சநீதிமன்றம், வருமான வரிக் கணக்கு சட்டப்படியான ஆவணம், ஆண்டு வருமானத்தை நிர்ணயிக்க அதை நம்பலாம் என்று சொல்லிவிட்டது. இன்னொரு தடையும் வியாபாரிக் குடும்பங்களுக்கு வரும். "கடைதான் இன்னும் நடக்கிறதே, மகன் உட்கார்ந்திருக்கிறானே, நஷ்டம் எங்கே?" என்று இன்ஷூரன்ஸ் தரப்பு கேட்கும். 2022-ல் உச்சநீதிமன்றம் இதற்கும் பதில் சொன்னது. தொழில் குடும்பத்தார் கைக்கு வந்துவிட்டது என்பதாலேயே வருமானம் முழுவதும் தொடர்கிறது என்று கொள்ள முடியாது. அதை நடத்தியவரின் உழைப்புக்கும் திறமைக்கும் மதிப்பு உண்டு என்பது அதன் சாரம். கொள்முதலுக்கு விருதுநகருக்கும் மதுரைக்கும் போய் விலை பேசி, கடன் சொல்லி, சரக்கின் தரம் பார்த்து எடுத்தவர் போன பிறகு, கடையில் எஞ்சியிருப்பது அலமாரிதான் என்பது நமக்குத் தெரியாததா?

வருமானத்தைக் காட்டப் பயம் ஏன்?

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நம் வீட்டு மனிதர்களிடம் பேசுவதாக நினைத்துச் சொல்கிறோம்.

வருமானத்தை எழுதி வைத்தால் வரி வரும், அதிகாரி வருவார், கடன் கேட்டு உறவுக்காரர்கூட வருவார் என்ற பயம் நம் தலைமுறைக்கே பழகிப்போய்விட்டது. ஒரு காலத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. இன்றைக்கு நிலைமை என்ன? 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. முழுக் கணக்குப் புத்தகம் எழுத வசதியில்லாத சிறு வியாபாரி, மொத்த விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வழி இருக்கிறது. மாதம் 25,000 சம்பாதிக்கிற நம் கடைக்காரர் கணக்குக் காட்டினால் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. வரியே வராத கணக்கை எழுதப் பயந்து, குடும்பத்துக்கு வரவேண்டிய 28 லட்சத்தை விடுகிறோம். எந்த வியாபாரி இப்படி ஒரு பேரத்துக்குச் சம்மதிப்பார்?

விபத்துக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. ஆள் போன பிறகு தாக்கல் செய்த கணக்கைக் கோர்ட் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். இரண்டு மூன்று வருஷக் கணக்கு முன்கூட்டியே வரிசையாக இருந்தால்தான் அதற்கு எடை.

வருமான வரிக் கணக்கோடு இன்னும் சில தாள்களும் துணை நிற்கும். நகராட்சி அல்லது ஊராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. பதிவு இருப்பவர்களுக்கு அது, மொத்தக் கடை பில்கள், தினசரி விற்பனை போய்ச் சேரும் வங்கிக் கணக்கு. மொத்த வியாபாரிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. துண்டுச் சீட்டில் கூட்டிக் கொடுப்பதை விட்டு, பேர் போட்டுப் பில் கொடுத்தால், அது ஒருநாள் அந்தச் சில்லறைக் கடைக்காரரின் பிள்ளைகளுக்குச் சாட்சி சொல்லும்.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் இங்கே பொருந்தும். நியூசிலாந்து நாட்டில் 1974 முதல் விபத்துக்கு வழக்கே கிடையாது. தப்பு யார் பேரில் என்று பாராமல் அரசு அமைப்பு ஒன்று, வேலை செய்ய முடியாதவருக்கு வருமானத்தில் 80 சதவீதம் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் சொந்தத் தொழில் செய்பவருக்கு அளவுகோல் அவர் வரித்துறைக்குக் காட்டிய வருமானமே. எந்தத் தேசத்துச் சட்டமானாலும் எழுதாத வருமானத்தைப் படிக்க அதற்குக் கண் இல்லை.

விபத்து நடந்த அன்று

விபத்து நேர்ந்தால் முதலில் உயிர். 108-ஐ அழையுங்கள். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், அதற்கென்று குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அட்வான்ஸ் கட்டப் பணம் தேடி ஒரு மணி நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று உடனிருப்பவர் கவனிக்க வேண்டும். பதற்றத்தில் யாரோ "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்ல, அதுவே எழுத்தாகிவிடும். பிறகு கார் மோதியதை நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டும். மோதிய வண்டியின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாலையில் கிடக்கும் நிலையில் வண்டிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போலீஸ் புகார். நம்மவர்களுக்கு இதில்தான் பெரிய சறுக்கல். "கேஸ் எதுக்கு அண்ணாச்சி, பேசி முடிச்சிக்கலாம்" என்று நாலு பேர் வந்து, பத்தாயிரமோ இருபதாயிரமோ கையில் வைத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்கள். வியாபாரிக்கு எதையும் பேசி முடிப்பது பழக்கம். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்றால் கூச்சம். ஒரு வாரம் கழித்துத்தான் கால் எலும்பில் பிளேட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். முதல் தகவல் அறிக்கை இல்லாமல் நஷ்டஈடு கேட்பது, பில் இல்லாமல் சரக்கைத் திருப்பிக் கொடுக்கப் போவது போலத்தான்.

2022 ஏப்ரல் முதல் விதிகள் நமக்குச் சாதகமாக இருக்கின்றன. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் இதைக் கட்டாயமாகப் பின்பற்றச் சொல்லி உத்தரவிட்டது. இதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

அதே தேதியிலிருந்து ஒரு பாதகமும் வந்திருக்கிறது. 1994-ல் எடுத்துவிட்ட காலக்கெடுவை மறுபடி கொண்டுவந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். இதை எதிர்த்த வழக்கில், கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. துக்கம் ஆற ஒரு வருஷம் ஆகும்; சட்டம் அதுவரை காத்திருக்காது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டு வரும் இடைத்தரகர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வக்கீலுக்குத் தரவேண்டியதைத் தெளிவாகப் பேசிக் கொடுப்பது முறை. கிடைப்பதில் பாதி என்று தரகரிடம் எழுதிக் கொடுப்பது, விளைந்த உளுந்தைக் களத்திலேயே பறிகொடுப்பதற்குச் சமம். வசதியில்லாதவர்களுக்கு நீதிமன்றத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. லோக் அதாலத்தில் சமரசம் பேசலாம். ஆனால் அங்கே ஏற்றுக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது என்பதை நினைவில் வைத்துப் பேச வேண்டும்.

நம் வண்டியே மோதினால்?

இதுவரை நாம் கேட்கும் பக்கத்தில் நின்று பேசினோம். கொடுக்கும் பக்கத்திலும் நாம் இருக்கிறோம். இன்று கொஞ்சம் பெரிய கடை எதிலும் ஒரு லோடு ஆட்டோவோ குட்டியானையோ நிற்கிறது.

லைசென்ஸ் இல்லாத கடைப்பையனிடம் "இந்தா, எட்டயபுரம் வரை போய்ப் போட்டுட்டு வா" என்று சாவியைக் கொடுக்கிறோம். அவன் மோதினால் கோர்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லும். கொடுத்ததை வண்டி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளவும் சொல்லும். வீடும் கடையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு நல்ல செய்தி: இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. லைசென்ஸே இல்லாதவருக்கு அது உதவாது.

பழைய வண்டியை விற்கும்போது பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவரே உடைமையாளர், அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி நாலு கை மாறி எங்கோ மோதினாலும் நோட்டீஸ் நம் கடைக்கு வரும்.

சரக்கோடு லாரியில் வரும் வழக்கம் நம்மிடம் உண்டு. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கு வண்டியில் வந்தால், 1994 நவம்பர் 14 முதல் கட்டாய இன்ஷூரன்ஸில் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் சரக்கு அவருடையது என்று காட்டும் பில் கையில் இருக்க வேண்டும். உட்காரும் இடம் டிரைவர் பக்கத்து சீட்டாக இருக்க வேண்டும். மூடை மேல் உட்கார்ந்து வருபவருக்கும், வழியில் கைகாட்டி ஏறியவருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதேபோல் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு, சட்டப்படியான குறைந்தபட்ச பாலிசி மட்டும் இருந்தால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸில் கிடைக்காது. முழு பாலிசியாக இருந்தால் கிடைக்கும்.

எதிரே யாருமே இல்லாமல் நாமே பாலத்தில் மோதினால் யாரிடம் கேட்பது? அதற்கென்று இருப்பதுதான் உடைமையாளர் – ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018 முதல் அதன் தொகை 15 லட்சம் ரூபாய். வண்டி தம் பேரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால்தான் செல்லும். அப்பா பேரில் உள்ள வண்டியை மகன் ஓட்டும் வீடுகள் நம்மில் அநேகம். அவர்கள் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்வது நல்லது.

வண்டியில் போன சரக்கு சேதமானால் வண்டி பாலிசியில் அதற்கு இடமில்லை. தனியாகச் சரக்குப் போக்குவரத்து பாலிசி வேண்டும். லாரி ஆபீஸ் மூலம் அனுப்பியதாக இருந்தால், புக்கிங் செய்த 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கடையிலும் ஒரு கோப்பு இருக்கட்டும். வருமான வரிக் கணக்கு, உரிமங்கள், வண்டி ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் இவற்றின் நகல்கள் அதில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நாம் முன்னே சொன்ன அந்த அம்மாவுக்குத் தம் கணவர் கடையில் எந்தத் தாள் எங்கே என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அவர் கையில் அகப்பட்டது இரண்டு நோட்டுகள்தான்.

சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. விபத்தில் இறந்த உறுப்பினருக்கு மாலை போட்டு, அரை நாள் கடையடைத்து, இரங்கல் தீர்மானம் போடுவதோடு நம் கடமை முடிவதில்லை. மறுநாள் அந்த வீட்டுக்கு விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பி, முதல் தகவல் அறிக்கை நகலையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். உறுப்பினரின் வியாபார அளவு குறித்து மொத்தக் கடைக்காரர்கள் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லத் தயங்கக்கூடாது. "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கினால், நம் வீட்டுக்கு அப்படி ஒரு நாள் வரும்போது கூண்டேற யாரும் இருக்க மாட்டார்கள். 1989-ல் ஏற்பட்ட வணிகர் நல வாரியத்தில் எல்லோரையும் உறுப்பினராக்கி, இறந்தவர் குடும்பத்துக்கு அதன் நிதியை வாங்கித் தருவதும் சங்கத்தின் கையில் இருக்கிறது.

ஆயுத பூஜையன்று தராசுக்கும் வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, புதுக் கணக்கு நோட்டுக்கு மஞ்சள் தடவுகிறோம். இந்த வருஷம் அந்த நோட்டோடு வண்டி பாலிசியையும் எடுத்து வைப்போம். தேதி தாண்டவில்லையா என்று பார்ப்போம். பாக்கி நோட்டில் ஊரார் பேரை எழுதுகிற கையால், ஒரு பக்கத்தில் நம் சொந்த வருமானத்தையும் எழுதி வைப்போம். யாருக்குப் பயந்து அதை மறைக்கிறோமோ அவர்கள் யாரும் நாளைக்கு நம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டப் போவதில்லை.

வழக்கில் அந்தக் குடும்பத்தின் பக்கம் சாட்சி சொல்ல ஒரு மொத்த வியாபாரி முன்வந்திருக்கிறார். பத்து வருஷச் சிட்டைகளை அவர் தம் கடைப் பரணிலிருந்து தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார். கடை இப்போது மறுபடி திறந்திருக்கிறது. கல்லாவில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு கட்டுத் தீப்பெட்டியாவது அங்கே வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.